கொறங்காட்டின் புல்வளமும் மழையின் போக்கும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காங்கேயம் வட்டாரத்தாரிடம் வந்து கொறங்காட்டைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். கிளுவை வேலி இன்னது, வெள்வேல மரம் இன்னது, கொழுக்கட்டைப்புல் இன்னது என்று உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. ஆயினும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கவே வந்துள்ளேன். காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர், குண்டடம், தாராபுரம் ஆகிய பகுதிகளில் எந்த ஊருக்குச் சென்றாலும், முன்பு காட்டில் இருந்த புல்வகையும் பூண்டுவகையும் இப்போது இல்லை என்ற குறையைக் கேட்கிறோம். காரணம் யாதென்று வினவினால் விடை இரண்டாகப் பிரிகிறது. மழை பொய்த்துவிட்டது என்பர் ஒரு சாரார். ஆடுகளை அளவுக்கு மேல் அடைத்துக் காட்டை மொட்டையாக்கிவிட்டார்கள் என்பர் மற்றொரு சாரார்.

மழைதான் காரணம் என்றால் நம்மால் ஆவது ஒன்றும் இல்லை என்று கைகட்டி இருந்துவிடலாம். மேய்ச்சல்தான் காரணம் என்றால் ஆடுமாடுகளை ஓட்டிவிட்டால் காடு தானே தழைத்துவிடும் என்று எண்ணத் தோன்றும். இரண்டு முடிவுகளும் நமக்குக் கேடு செய்யும். ஓர் ஆண்டில் எவ்வளவு புல் முளைக்கும் என்பதை மழை தீர்மானிக்கிறது. மழை மீண்டும் வரும்போது எந்தப் புல் மீண்டு வரும் என்பதைப் பெரிதும் மேய்ச்சல் தீர்மானிக்கிறது. இதனையே இன்று விளக்க முயல்கிறேன்.

மழையின் கணக்கு

நம் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அப்பாலேயே பெரும்பகுதி கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறுங்காற்றாய் நம்மிடம் வந்து சேர்கிறது. ஆடியில் அம்மியை நகர்த்தும் அந்தக் காற்று, நிலத்தில் இருக்கும் சிறிதளவு ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது. சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழையும், ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையுமே நம் புல்லுக்கு உயிர். ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் என்று சொல்லுவார்கள்.

இந்த 600 என்பது பல ஆண்டுகளைக் கூட்டி வகுத்துக் கிடைத்த சராசரி. சரியாகச் சராசரி மழை பெய்த ஆண்டு என்று ஒன்றை உங்களில் எத்தனை பேர் கண்டிருப்பீர்கள்? 2015 ஆம் ஆண்டின் பருவமழை சென்னையை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அடுத்த ஆண்டாகிய 2016 இல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதற்கும் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்குள்ளானவை என்று அரசு அறிவிக்க நேர்ந்தது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு! நம் காட்டில் வாழும் ஒவ்வொரு செடியும் இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பழகிய செடியே ஆகும்.

மழையின் அளவு மட்டும் அன்று, அது வரும் முறையும் முக்கியம். ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்த மழைக்கும், அதே அளவு மழை பத்து நாளுக்கு ஒரு முறையாகப் பகிர்ந்து பெய்வதற்கும் காட்டில் முளைப்பவை வேறு வேறு. முன்னதில், ஓராண்டுப் புல்லும் பூண்டும் விரைந்து முளைத்து, விரைந்து பூத்து, விதையை மண்ணில் சிந்திவிட்டு மடிகின்றன. பின்னதில், கொழுக்கட்டை போன்ற பல்லாண்டுப் புற்கள் தூர் கட்டிப் பெருகுகின்றன. கோடை மழையில் தலைகாட்டும் செடி ஒன்று, கார்த்திகை மழையில் தலைகாட்டும் செடி வேறொன்று. ஒரு விதை ஒரு சிறு தூறலுக்கே முளைத்துவிடும். மற்றொன்று நன்றாக நனைந்தால் அன்றி வாய்திறவாது. கொழுக்கட்டை விதையோ, உதிர்ந்தவுடன் முளைக்க மறுத்துச் சில மாதங்கள் உறங்கும். முதல் மழையை நம்பி எல்லா விதைகளும் முளைத்து, அடுத்த மழை வராமல் எல்லாம் கருகிப்போகும் ஆபத்தை இயற்கை இவ்வாறு தடுத்து வைத்திருக்கிறது. ஆகையால் ஓர் ஆண்டில் ஒரு செடியைக் காணவில்லை என்றால் அது அழிந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மண்ணுக்குள் அது விதையாகக் காத்திருக்கலாம்.

கொறங்காட்டில் இருப்பவை

செம்மண்ணும் சரளையும் கலந்த, கிணற்று நீர் எட்டாத மேட்டு நிலம் நம் கொறங்காடு. அதன் தரையில் கொழுக்கட்டைப்புல்லும் வெண்கொழுக்கட்டையும் முதன்மையானவை. அவற்றின் இடையே அறுகு, மயில்கொண்டைப்புல், காக்காய்க்கால் புல், ஊசிப்புல் முதலியன வளர்கின்றன. புல்லுக்கு அடியில் செப்புநெருஞ்சி, நரிப்பயறு போன்ற பயறினச் செடிகளும், விஷ்ணுகிரந்தி, தும்பை போன்ற மூலிகைகளும் உள்ளன. மேலே வெள்வேல மரங்கள் ஆங்காங்கே நின்று, சிறிய இலைகளின் வழியே வெயிலைத் தரைக்கு விட்டு, கோடையில் நெற்றுகளை உதிர்க்கின்றன. சுற்றிலும் கிளுவை வேலி. அந்த வேலியில் பிரண்டை, கோவை, முசுமுசுக்கை, வேலிப்பருத்தி என்று கொடிவகைகள் படர்கின்றன. ஒரு காட்டின் செடிவகைகளை எண்ணப் புகுந்தால், வேலியோரத்தில் கிடைக்கும் கணக்கு உள்ளே கிடைப்பதற்குச் சளைத்ததாக இராது.

இவற்றுள் பயறினச் செடிகளைச் சிறியவை என்று ஒதுக்க வேண்டா. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளின் வாயிலாக மண்ணில் சேர்ப்பவை அவை. புரதச்சத்து மிகுந்த தீவனமும் அவையே. கொழுக்கட்டை முற்றிக் காய்ந்த பிறகு அதில் சக்கை மிகுந்து சத்துக் குறையும். அந்த நாளில் ஆட்டுக்குத் தெம்பளிப்பவை இந்தப் பூண்டுகளும் வெள்வேல நெற்றும்தான். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் முதலானோர் பேணி வளர்த்த காங்கேயம் மாடு நாடெங்கும் பெயர் பெற்றதற்கு அவர்களுடைய தேர்வும் உழைப்பும் காரணமாயின. அந்த மாடு நின்று மேய்ந்த தரைக்கும் அதில் பங்கு உண்டு.

கொழுக்கட்டைப்புல்லைப் பற்றி ஒரு செய்தியை இடையே சொல்லிச் செல்கிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை இயற்கையாக வளரும் இப்புல், 1870களில் ஆஸ்திரேலியாவுக்கு ஒட்டகச் சேணத்தில் திணித்த வைக்கோலோடு போய்ச் சேர்ந்தது என்பர். பின்னர் அங்கே மேய்ச்சலுக்கென்றே விதைத்தார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைநிலத்திலும் பரவிற்று. இன்று அவ்விரு நாடுகளிலும் அது பெருந்தொல்லையாகக் கருதப்படுகிறது. உள்ளூர்ச் செடிகளை நெருக்கி ஒழிக்கிறது. காய்ந்து அடர்ந்து நின்று, முன்பு தீயே அறியாத நிலத்தில் தீயைப் பரப்புகிறது. அதே புல் நம் காட்டில் பத்துச் செடிகளோடு கூடி வாழ்கிறது. இங்கே அது பிறந்த மண்ணில், தன்னோடு பிறந்த செடிகளுக்கிடையே நிற்கிறது. காய்ந்த தாளைத் தின்று தீர்க்க மாடும் இருக்கிறது.

ஆராய்ச்சியாளர் கண்டவை

வறண்ட புல்வெளிகளைப் பற்றி உலகெங்கும் நெடுங்காலமாக வாதம் நடந்து வந்திருக்கிறது. 1988 ஆம் ஆண்டில் எல்லிஸ், சுவிப்ட் என்னும் இருவர், கென்யா நாட்டின் துர்க்கானாப் பகுதியை ஆராய்ந்து ஒரு கருத்தை வெளியிட்டனர். மழை ஆண்டுக்காண்டு மிகவும் மாறுபடும் நிலத்தில், கால்நடைகளின் எண்ணிக்கையைவிட வறட்சியே புல்லின் நிலையை ஆட்டிப் படைக்கிறது. வறட்சியில் கால்நடைகளும் குறைந்துவிடுவதால் புல் மீள இடம் கிடைக்கிறது என்பது அதன் சாரம். அதே ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மில்சுனாசும் அவருடைய தோழர்களும் வேறொன்றைச் சொன்னார்கள். நெடுங்காலமாக மேய்ச்சலுக்குப் பழகிய வறண்ட புல்வெளியில் மேய்ச்சலால் செடிவகைகள் அதிகம் மாறுவதில்லை; மேய்ச்சலுக்குப் பழகாத நிலத்திலும் ஈரமான நிலத்திலும் மாற்றம் பெரிதாக இருக்கும் என்றார்கள். 2022 இல் பெர்னாண்டோ மேஸ்திரே தலைமையில் 6 கண்டங்களில் 25 நாடுகளின் வறண்ட நிலங்களை ஒருங்கே ஆராய்ந்தவர்கள், குளிர்ந்த, செடிவகை மிகுந்த இடங்களில் மேய்ச்சல் பெரும்பாலும் நன்மை செய்கிறது என்றும், வெப்பம் மிகுந்த, செடிவகை குறைந்த இடங்களில் தீமை செய்கிறது என்றும் கண்டார்கள்.

இவற்றை நம் காட்டோடு பொருத்திப் பார்ப்போம். துர்க்கானாவில் இடையர்கள் மழையைத் தேடிக் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு இடம்பெயர்வர். நம்மிடையே காடு வேலியிட்டது, மந்தை இடம்பெயர்வதில்லை. வறட்சி வந்தால், வைக்கோலும் சோளத்தட்டும் பருத்திக்கொட்டையும் வாங்கிப் போட்டு ஆடுமாடுகளைக் காப்பாற்றுகிறோம். காப்பாற்றுவது நம் கடமையே. ஆனால் அவ்வாறு காப்பாற்றிய மந்தையை அதே காட்டில் நிறுத்தி வைத்தால், மழை பெய்து முதல் குருத்து வெளிவரும் அன்றே அத்தனை வாயும் அதன்மேல் பாய்கின்றன. துர்க்கானாவில் வறட்சி தரும் ஓய்வு நம் புல்லுக்குக் கிடைப்பதில்லை. அந்த ஓய்வை நாமே கொடுக்க வேண்டியிருக்கிறது. நம் நிலம் வெப்பம் மிகுந்தது என்பதையும், செடிவகை குறையக் குறைய மேய்ச்சலின் தீமை கூடுகிறது என்பதையும் சேர்த்து எண்ணினால் இதன் அவசரம் விளங்கும்.

புல் எவ்வாறு மாறுகிறது

பல்லாண்டுப் புல் தன் சேமிப்பைத் தூரின் அடியிலும் வேரிலும் வைத்திருக்கிறது. மழை பெய்தவுடன் அந்தச் சேமிப்பைச் செலவழித்துக் குருத்து விடுகிறது. குருத்து இலையாகி, வெயிலைக் கொண்டு உணவு ஆக்கி, செலவழித்ததைத் திருப்பி வைக்கச் சில வாரங்கள் ஆகும். இடையில் அதனை மேய்ந்துவிட்டால் இரண்டாம் முறை சேமிப்பிலிருந்து எடுக்கிறது. மூன்றாம் முறை எடுக்க ஒன்றும் இராது. தூர் சிறுத்து, வேர் குறுகி, அடுத்த வறட்சியில் புல் மாண்டுபோகிறது. நாமோ, "வறட்சியில் புல் செத்தது" என்று மழையின்மேல் பழி போடுகிறோம்.

அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை. முதலில் ஓராண்டுப் புற்கள் வரும். பின்னர் தரையோடு படிந்த நெருஞ்சியும், ஆடு மாடு விரும்பாத கொழுஞ்சி, ஆவாரை, எருக்கு ஆகியவையும் பரவும். இந்தக் கட்டத்தில் எண்ணிப் பார்த்தால் செடிவகைகளின் தொகை சில வேளை கூடியும் இருக்கும்! தொகை கூடிற்று என்று மகிழ வேண்டா. எவை போயின, எவை வந்தன என்று பார்க்க வேண்டும். கொழுஞ்சி நல்ல தழையுரம்தான். அதனை நான் பழிக்கவில்லை. ஆனால் காடு முழுதும் கொழுஞ்சியாகிவிட்டால் மாடு எதை மேயும்?

மேயும் பிராணிக்கு ஏற்பவும் காடு மாறும். மாடு நாவினால் சுழற்றி உயர்ந்த புல்லைப் பறிக்கும். அடியில் சிறிது விட்டுவைக்கும். செம்மறி ஆடு உதட்டாலும் பல்லாலும் தரையோடு கறிக்கும். வெள்ளாடு செடிகொடிகளின் தழையை நாடும். முதலில் மாட்டை விட்டு, அதன் பின் செம்மறியை விட்டு, பிறகு காட்டை மூடிவைக்கும் முறையில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. இன்று பல காடுகளில் மாடு போய்ச் செம்மறி மட்டும் எஞ்சியிருக்கிறது. மேச்சேரி ஆட்டுக்கும் குரும்பை ஆட்டுக்கும் நல்ல விலை கிடைக்கும்போது அதனைக் குறை சொல்ல இயலாது. ஆனால் செம்மறி மட்டும் ஆண்டு முழுதும் மேயும் காட்டிற்கு ஓய்வு இரட்டிப்பாகத் தேவை.

இனி மறுபுறத்தைக் காண்போம். மேய்ச்சலே இல்லாத காடு எப்படி இருக்கிறது? விற்பனைக்காகக் காத்திருக்கும் காடுகளை நீங்கள் சாலையோரம் எங்கும் காணலாம். வேலி சரிந்து, மாடு நுழையாமல் சில ஆண்டுகள் கிடந்த காட்டில் பழைய தாள் மூடி, அடியிலுள்ள சிறு பயறினச் செடிகள் வெளிச்சமின்றி மறைகின்றன. வெற்றிடங்களில் பார்த்தீனியம் புகுகிறது. சீமைக்கருவேல் ஒரு முறை காலூன்றிவிட்டால் புல்லுக்கு எதிர்காலம் இல்லை. ஒன்றை நினைவில் வையுங்கள்: வெள்வேல நெற்றைத் தின்ற ஆடு சாணத்தோடு வெள்வேல விதையைப் பரப்புவது போலவே, சீமைக்கருவேல நெற்றைத் தின்ற ஆடு அதனையும் பரப்புகிறது. ஓடைக்கரையிலும் புறம்போக்கிலும் அந்த நெற்றை மேய்ந்து வரும் மந்தையை நேரே நல்ல காட்டிற்குள் விடுவது விதைப்பதற்கு ஒப்பாகும்.

வேலியும் பனியன் கம்பெனியும்

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் நம் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தது. அதனால் மேய்க்க ஆள் இல்லாமல் காடுகள் அழிந்தன என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். இக்கூற்றை நான் முழுவதும் ஏற்கவில்லை. கொறங்காட்டின் சிறப்பே மேய்க்க ஆள் வேண்டாம் என்பதுதான். காலையில் படலைத் திறந்து விட்டு, மாலையில் தண்ணீர் காட்டி அடைத்தால் போதும். வீட்டில் இருவர் பனியன் கம்பெனிக்குச் சென்றாலும் மூன்றாமவர் பத்து மாட்டைப் பார்த்துக்கொள்ள முடியும். ஆனால் இதற்கு வேலி உறுதியாக இருக்க வேண்டும். கிளுவைப் போத்து நடவும், இடைவெளியை அடைக்கவும், ஆண்டுதோறும் கழிக்கவும் கூலியாள் கிடைக்கவில்லை. அங்கேதான் சிக்கல் தொடங்கியது. வேலி போனால் சுழற்சி மேய்ச்சல் போகும். சுழற்சி போனால் புல் போகும். புல் போனால் நிலம் மனைப்பிரிவாகவோ, சூரிய மின் நிலையமாகவோ மாறுவதைத் தடுப்பார் இல்லை. ஆகையால் வேலிக்குச் செய்யும் செலவை நான் புல்லுக்குச் செய்யும் செலவாகவே கருதுகிறேன்.

பதிவேடுகளில் பயன்படும் சொல்லும் நமக்குத் தீங்கு செய்கிறது. சீர்குலைந்த மேய்ச்சல் நிலங்கள் இந்தியத் தரிசு நில வரைபட நூலில் தரிசின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. தரிசு என்று எழுதிவிட்டால் அதில் மரம் நடலாம், எதையும் கட்டலாம் என்ற எண்ணம் தானே வந்துவிடுகிறது. புல்வெளியில் குழி வெட்டி நெருக்கமாக மரம் நடுவதால் புல்லுக்கு வெயிலும் ஈரமும் குறையும். மேய்ச்சல் புறம்போக்கு, 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் பொறுப்பில் உள்ளது. மரம் நடும் திட்டம் வரும்போது, அதனை மேய்ச்சல் புறம்போக்கில் அன்றிக் குளக்கரையிலும் சாலையோரத்திலும் செய்யுமாறு கேட்கும் உரிமையை உறுப்பினர்கள் பயன்படுத்த வேண்டும்.

செய்யக் கூடியவை

காடு நான்கு பிரிவாக இருந்தால், ஆண்டுக்கு ஒன்றைக் கார்த்திகை மழைக்குப் பின் கதிர் முற்றி விதை உதிரும் வரை மூடிவையுங்கள். அடுத்த ஆண்டில் வேறொரு பிரிவை மூடுங்கள். நான்கு ஆண்டுகளில் ஒவ்வொரு பிரிவும் ஒரு முறையேனும் விதை சிந்தியிருக்கும். ஒரே பிரிவுதான் உண்டு என்பவர், பக்கத்துக் காட்டாரோடு உடன்பாடு செய்துகொள்ளலாம். குத்தகைக்கு விடுவோர் இந்த ஓய்வை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால், ஓராண்டுக் குத்தகைக்காரர் அடுத்த ஆண்டின் புல்லைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்.

ஏக்கருக்கு இத்தனை ஆடு என்று மாறாத கணக்கு ஒன்றை என்னிடம் கேட்காதீர்கள். 2015 ஐப் போன்ற ஆண்டுக்கும் 2016 ஐப் போன்ற ஆண்டுக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? கார்த்திகை முடிந்ததும் காட்டைச் சுற்றி வந்து, நிற்கும் புல் சித்திரை வரை எத்தனை வாய்க்குப் போதும் என்று பார்த்து, மிகுந்ததை அப்போதே விற்றுவிடுவது நலம். மழை பொய்த்த ஆண்டில் சித்திரை மாதக் கண்ணபுரம் தேருக்குக் கூடும் சந்தை வரை பொறுத்தால், மாடும் மெலிந்திருக்கும், விலையும் மெலிந்திருக்கும்.

ஊராட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். 2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். அதனை ஒரே நாளில் எழுதி முடித்துப் பீரோவில் பூட்டிவிட்டால், மழைக்குத் தக மாறும் காட்டைப் பற்றி அது நமக்கு ஒன்றும் சொல்லாது. 2026 ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் மக்களுக்கும் உரிய அனைத்துலக ஆண்டாக ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை அறிவித்திருக்கிறது. அதைத் தொடக்கமாகக் கொண்டு ஒரு சிறு சோதனையை ஒவ்வோர் ஊரிலும் செய்யலாம்.

வழி எளிது. இரண்டு கொறங்காடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று சுழற்சியில் மேய்வது, மற்றொன்று ஓய்வின்றி மேய்வது. ஒவ்வொன்றிலும் பத்தடிக்குப் பத்தடி இடத்தை முள்ளால் அடைத்து, ஆடுமாடு புகாமல் வையுங்கள். மீட்டர் சதுரமாக ஒரு மூங்கில் சட்டம் செய்து, அடைப்புக்கு உள்ளே இரண்டு இடத்திலும் வெளியே பத்து இடத்திலும் அதை வைத்து, அதற்குள் நிற்கும் செடிகளை வகை வகையாக எண்ணி எழுதுங்கள். கோடை மழைக்குப் பின் ஒரு முறை, கார்த்திகை முடிவில் ஒரு முறை, மாசியில் ஒரு முறை எண்ணினால் போதும். பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானி வைத்து, மாணவர்களைக் கொண்டு நாள்தோறும் மழையைக் குறித்து வரச் செய்யுங்கள். பெயர் தெரியாத பூண்டுகளை ஊரிலுள்ள வயதான தாய்மார்களிடம் காட்டிக் கேளுங்கள். ஆடு மேய்த்தவர்களும் கீரை பறித்தவர்களும் அறிந்த பெயர்கள் எந்த நூலிலும் முழுமையாக இல்லை. மழை நல்ல ஆண்டு ஒன்றும் பொய்த்த ஆண்டு ஒன்றுமாவது கணக்கில் சேரும் வரை முடிவு எதையும் எழுத வேண்டா. அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அடைப்புக்கு வேண்டிய முள்ளை ஆவணிக்குள் வெட்டி வைத்தால், இந்த ஐப்பசி மழைக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடலாம்.